குசினி வாசலில் இடிக்கிறது, கதிரையில் கேட்கவில்லை

கேள்வி: தம்பி, நான் முள்ளியவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். நாதஸ்வரக் கச்சேரி என்றால் எனக்கு உயிர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்திலிருந்தே ஒரு நல்ல செற் வேண்டும் என்று ஆசை. ரொறன்ரோவில் இருக்கும் மகள், அங்கே ஒருவர் பாவித்த விலை கூடிய செற் ஒன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பினாள். அம்பிளிபயர், சீடி பிளேயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ். ஹோல் 12 அடிக்கு 12 அடி. சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், சீற் கூரை. பொக்ஸ் இரண்டையும் இரண்டு மூலையில் வைத்து, நடுவில் ரீவி இருக்கிறது. ஹோலின் நடுவில் என் சாய்மனைக் கதிரை. அதில் இருந்து கேட்டால் பேஸ், அந்தக் கனத்த அடிச் சத்தம், இல்லை, பாடுகிறவரின் குரலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆனால் குசினி வாசலில் நின்றால் இடிக்கிறது. தவில் தகரத்தில் அடிப்பது போலக் கேட்கிறது. எந்நேரமும் ஒரு 'ம்ம்' இரைச்சல். கரண்டைக் குறைக்கும் பெட்டி தொட ஏலாத அளவுக்குச் சுடுகிறது. பக்கத்து வீட்டுப் பெடியன் பெரிய அம்ப் வாங்கச் சொல்கிறான். மகள் றெக்கோட் பிளேயர் ஒன்றும் அனுப்பவா என்று கேட்கிறாள். விற்றுவிடுவதா, வைத்திருப்பதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

வைத்திருங்கள். கதிரையில் பேஸ் இல்லை, குசினி வாசலில் இடிக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பேஸ் வெளியே வராத செற் எங்கே நின்று கேட்டாலும் பேஸ் இல்லாமல்தான் கேட்கும். இடத்துக்கு இடம் மாறுகிறதென்றால், சத்தம் பொக்ஸை விட்டு வெளியே வந்துவிட்டது, உங்கள் கதிரைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். அதைச் சரிப்படுத்தக் காசு தேவையில்லை. ஒரு நாள் பின்னேரமும், பொக்ஸ் தூக்க ஒரு கைத்துணையும் காணும்.

ஆனால் அதற்கு முன் அந்தச் சுடுகிற பெட்டி. அதை இப்போதே பிளக்கில் இருந்து கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கனடாவில் கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை என்ற கணக்கு: கரண்ட் என்றால் எத்தனை தடவை மாறி ஓடுகிறது, சத்தம் என்றால் எத்தனை தடவை அதிர்கிறது. உங்கள் கரண்டைக் குறைக்கும் பெட்டி, அதாவது ஸ்ரெப்-டவுன் பெட்டி, வோல்ற்றை மட்டும்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. அம்புக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் என்று சுற்றியதாக இருந்தால், 50-ல் ஓடும்போது அதன் இரும்பில் சுமை ஏறும், சூடும் ஏறும். கணக்குப்படி, அங்கே 120 வோல்ற்றில் வந்த அதே சுமை இங்கே 100 வோல்ற்றிலேயே வந்துவிடும். ஆகவே 120 கொடுக்கும் பெட்டியை விட 110 கொடுக்கும் பெட்டிதான் உங்கள் அம்புக்கு நல்லது. சத்தம் குறைந்துவிடுமோ என்று யோசிக்க வேண்டாம், காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெட்டியே சுடுகிறதென்றால் அது சிறிய பெட்டி. அம்பின் பின்பக்கத் தகட்டில் எத்தனை வாற் இழுக்கும் என்று போட்டிருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு தாங்குகிற பெட்டி வேண்டும். வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: 230 சுற்றும் 110 சுற்றும் தனித்தனியாக இருக்கிறதா, அல்லது ஒரே சுற்றில் இருந்து பிரித்து எடுத்ததா? கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்தச் சுற்று பிழையான இடத்தில் அறுந்தால் 230-உம் நேரே அம்புக்குள் போய்விடும். தனித்தனிச் சுற்று உள்ளது பாரமாகவும் விலை கூடவும் இருக்கும். இந்த விஷயம் முழுவதிலும் நான் உங்களைக் கட்டாயம் செலவழிக்கச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான். வாங்குவதற்கு முன் ஒரு திருத்துபவரிடம் அம்பின் மூடியைத் திறந்து காட்டுங்கள். சில அம்புகளில் உள்ளேயே 120-க்கும் 230-க்கும் மாற்றிக் கட்டுவதற்கு வயர் விட்டிருப்பார்கள். உங்களுடையது அப்படி இருந்தால் வெளிப்பெட்டியே தேவையில்லை.

மாலை ஆறரை மணி தொடங்கி இரவு பத்தரை வரை ஊரெல்லாம் லைற்றும் ஃபேனும் போடுகிற நேரம். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அப்போது வோல்ற் இறங்கும், பத்தரைக்குப் பிறகு ஏறும். ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வைத்து இரண்டு நேரமும் அளந்து பாருங்கள். பெரிய ஏற்ற இறக்கம் இருந்தால் ஒரு ஸ்ரெபிலைசர் போடலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

சரி, இனிப் பொக்ஸுக்கு வருவோம். முன்பக்கத்துத் துணிச் சட்டத்தை மெல்லக் கழற்றுங்கள். கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்புதான் கோன். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அந்த வளையம் ரப்பரா, ஸ்பொஞ்சா என்று பாருங்கள். ரப்பர் என்றால் கவலையில்லை. ஸ்பொஞ் என்றால் விரல் நுனியால் மிக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நல்ல ஸ்பொஞ் உள்ளே அமுங்கித் திரும்பி எழும்பும். இறந்த ஸ்பொஞ் நமத்த பிஸ்கற் போல விரலோடு வந்துவிடும். இது பாவனையால் வருகிற தேய்வு அல்ல. பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் ஸ்பொஞ் உக்கத் தொடங்கும். வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் இன்னும் கெதியாக உக்கும். குளிர் நாட்டில் முழுதாக இருந்த வளையம் எங்கள் ஊரில் ஒரு மாரியும் ஒரு கோடையும் கண்டதும் விரிந்துவிடுகிறது. என் மேசைக்கு வரும் வெளிநாட்டுப் பொக்ஸுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, நேராக உள்ளே ஒரு நூல் அளவு தள்ளிவிடுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். 'கர்' என்று உராய்ந்தால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் தட்டுகிறது. கப்பல் பயணத்தில் பொக்ஸ் விழுந்திருக்கலாம், அல்லது வளையம் உக்கிக் கோன் சரிந்திருக்கலாம்.

வளையம் உக்கியிருந்தால் அந்த ஸ்பீக்கரை எறிந்துவிட்டுச் சந்தையில் கிடைக்கும் 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்ட ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். உங்கள் பொக்ஸின் கொள்ளளவும், உள்ளே சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிரொஸ்ஓவரும் அந்த ஸ்பீக்கருக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்தவை. வேறொன்றைப் பூட்டினால் அது வேறு செற். சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுவதும், துணியில் சிலிக்கன் பூசி ஒட்டுவதும் வேண்டாம், அவை கோனை இறுக்கிப் பிடித்துவிடும். சரியான அளவில் புது ஸ்பொஞ் வளையம் வெளிநாட்டில் சோடியாகக் கிடைக்கிறது. பாரமே இல்லாத பொருள், மகள் ஒரு கடித உறையில் போட்டு அனுப்பலாம். கோனின் விட்டம், பழைய வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், ஸ்பீக்கர்ச் சட்டத்தின் விட்டம், இவை நான்கையும் மில்லிமீற்றரில் அளந்து, பின்பக்கக் காந்தத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒட்டுகிற வேலைக்குக் கை நிதானம் வேண்டும். கம்பிச்சுருளை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அதற்கு ஸ்பீக்கரை மட்டும் கழற்றி, துணியில் சுற்றித் திருத்துபவரிடம் கொண்டு போங்கள். பொக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.

ஸ்பீக்கர் சுகமாக இருந்தால் அடுத்தது வயர். இங்கேதான் உங்கள் குரல் அலைகிற பிரச்சினைக்கு முதல் சந்தேகம். ஒரு பொக்ஸுக்குச் சிவப்பு, கறுப்பு மாறிக் கொடுபட்டிருந்தால், ஒரு கோன் முன்னே வரும் நேரத்தில் மற்றது பின்னே போகும். இரண்டுக்கும் சம தூரத்தில் இருப்பவருக்கு இரண்டு பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். குரலும் நடுவில் நிற்காமல் காதைச் சுற்றிப் பரவும். பக்கவாட்டில் தள்ளி நிற்பவருக்கு அழிவது குறைவு, அவருக்குப் பேஸ் கேட்கும். நீங்கள் எழுதியதும் இதுதான்.

அம்பை நிறுத்தி, வயரை அம்ப் பக்கம் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ற் பற்றறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிளஸ் பக்கத்தைப் பொக்ஸின் சிவப்பு முனைக்குப் போகும் வயரிலும், மைனஸைக் கறுப்புக்குப் போகும் வயரிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் எந்தப் பக்கம் அசைகிறது என்று வீட்டுக்காரம்மா பார்த்துச் சொல்லட்டும். மற்றப் பொக்ஸிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் அசைந்தால் சரி. பெரும்பாலானவை முன்னே வரும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் சில இதற்கு நேர்மாறாக உள்ளே போகும், அது பழுதல்ல. இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், எங்கள் ஆட்கள் 7/0.67 என்று கேட்டு வாங்குவது, உங்கள் ஹோலுக்குத் தாராளம். ஐந்து மீற்றர் போய் வருவதற்கு அதன் தடை 0.07 ஓம் அளவுதான் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு மீற்றருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயரை மகள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முனையில் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, இழைகளை இறுக்கித் திரித்துப் பூட்டுங்கள். பிரிந்த ஒரு இழை பக்கத்து முனையில் முட்டினால் அம்பின் ட்ரான்சிஸ்ரர்கள் போய்விடும்.

இனி ஹோல். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

12 அடி என்பது 3.66 மீற்றர். எங்கள் வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், 48 ஹேர்ட்ஸ் அளவில் வருகிற பேஸ் உங்கள் இரண்டு சுவருக்கும் இடையில் கச்சிதமாக அடைபட்டுக்கொள்கிறது. அடைபட்ட சத்தம் சுவர் ஓரங்களில் பலமாக இருக்கும், மூலையில் ஆகப் பலமாக இருக்கும். அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் ஹோல் சதுரம். நீளத்துக்கும் 48, அகலத்துக்கும் அதே 48. செவ்வக அறையில் இரண்டு வேறு வேறு இடங்களில் பிரிந்து நிற்கும் தொல்லை, உங்கள் வீட்டில் ஒரே சுரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் குசினி வாசல் குமுறும். நீங்களோ பொக்ஸை மூலையிலும் கதிரையை நடுவிலும் வைத்திருக்கிறீர்கள். சத்தம் ஆகப் பலமாகக் கிளம்பும் இடத்தில் பொக்ஸ், ஆகக் குறைவாக இருக்கும் இடத்தில் காது. வயர் சரியாக இருந்தாலும் இந்த இருப்பில் உங்களுக்குப் பேஸ் வந்து சேராது.

மாற்றிப் போடுவோம். ஒரு சோக்கட்டியும் அளவு நாடாவும் எடுங்கள். பொக்ஸின் முன்முகம், பொக்ஸுக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து இரண்டரை அடி முன்னால் வரட்டும். ஒரு பொக்ஸின் நடுவுக்கும் மற்றதன் நடுவுக்கும் இடையே ஐந்தரை அடி. அப்போது பக்கச் சுவருக்கு மூன்றேகால் அடி மிஞ்சும். பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக இருக்கக்கூடாது, அதனால்தான் இந்த வித்தியாசம். கதிரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உங்கள் தலை இருக்கும் இடம் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து நாலரை அடியில் வரட்டும். இப்படி வைத்தால் காதில் இருந்து ஒவ்வொரு பொக்ஸும் ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். ஏறக்குறைய சமபக்க முக்கோணம். பொக்ஸ்களின் முகத்தை உங்கள் தோளை நோக்கிச் சற்றுத் திருப்பிவிடுங்கள்.

இது தொடக்கம்தான், முடிவல்ல. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கதிரையை அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று நகர்த்திக் கேளுங்கள். பேஸ் தடிப்பாக வந்தால் முன்னுக்கு, மெலிந்தால் பின்னுக்கு. பிறகு பொக்ஸை நாலு அங்குலம், ஐந்து அங்குலம் என்று நகர்த்துங்கள். ஓரிடத்தில் பாடுகிறவர் திடீரென்று இரண்டு பொக்ஸுக்கும் நடுவில், ரீவிக்கு மேலே வந்து நிற்பார். பொக்ஸில் இருந்து சத்தம் வருகிறது என்ற எண்ணமே உங்களுக்கு மறந்துபோகும். அந்த இடம் கிடைத்ததும் நிலத்தில் சோக்கால் கீறிவிடுங்கள். வீட்டில் நடமாட இடைஞ்சல் என்றால், பாட்டுக் கேட்கும் நேரம் கீறலுக்கு இழுப்பதும் மற்ற நேரம் சுவரோடு தள்ளுவதுமாக வைத்துக்கொள்ளலாம். அடியில் நாலு துண்டு கம்பளித் துணி ஒட்டினால் ரைல்ஸில் லேசாக இழுபடும்.

சாய்மனைக் கதிரையைப் பற்றியும் ஒன்று. அதில் சாய்ந்தால் காது நிலத்தில் இருந்து இரண்டரை அடிக்கு இறங்கிவிடும். உச்சச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர், ருவீற்றர், உங்கள் பொக்ஸில் அதை விட உயரத்தில் இருக்கும். அந்தச் சத்தம் விளக்கின் ஒளிக்கற்றையாகக் குறுகிப் போகும், காதுக்கு மேலால் போய்விடும். பொக்ஸின் பின்பக்க அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டு வைத்து முகத்தை லேசாகக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அல்லது ஊன்றிக் கேட்கும்போது மட்டும் நேர்க்கதிரையில் இருங்கள்.

தவில் தகரமாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல, சுவர். ஹோலில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டப்' என்று முடியாமல் 'ட்ர்ர்ர்' என்று இழுபட்டால், எதிரெதிர் வெறுஞ்சுவர் இரண்டும் சத்தத்தை மாறி மாறி எறிகின்றன. தவிலின் வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலடியும் அதே இழுவையைக் கூடவே கொண்டு வருகிறது.

1895-ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரைச் செக்கன் வரை மண்டபத்தில் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைத் திருத்தும் வேலை வொலஸ் சபின் என்ற இளம் பௌதிகவியலாளர் கையில் வந்தது. அவர் செய்தது என்ன தெரியுமா? பக்கத்து அரங்கத்துக் கதிரைகளின் மெத்தைகளை இரவோடு இரவாக இந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தை போட்டால் சத்தம் எத்தனை செக்கனில் அடங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். அறைகளின் ஒலியைக் கணக்குப் பார்க்கும் இயல் முழுவதும் அந்த மெத்தைகளில் இருந்துதான் தொடங்கியது. அவர் எடுத்த அளவுகோல் திறந்த யன்னல். திறந்த யன்னலில் போய்ச் சேரும் சத்தம் திரும்பி வராதே, அதனால் எந்தப் பொருளையும் 'இத்தனை சதுர அடி திறந்த யன்னலுக்குச் சமம்' என்று சொன்னார்கள்.

வன்னி வீட்டில் திறந்த யன்னலுக்கா பஞ்சம்? கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு கேட்காதீர்கள். யன்னலையும் விறாந்தைக் கதவையும் அகலத் திறந்துவிடுங்கள். பேஸ் குமுறுவதும் குறையும், கண்ணாடி அதிர்வதும் நிற்கும். மெத்தைக்கு எங்களிடம் தும்பு மெத்தை இருக்கிறது. ஒரு ஆள் படுக்கும் தும்பு மெத்தை ஒன்றை உங்கள் தலைக்குப் பின்னால் உள்ள சுவரில் நிமிர்த்திச் சாத்திவிட்டு மீண்டும் கை தட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். இன்னொன்றைப் பக்கச் சுவரில், கதிரைக்கும் பொக்ஸுக்கும் இடைப்பட்ட இடத்தில் சாத்துங்கள். பார்க்க வடிவாக இருக்க வேண்டுமென்றால் துணி உறை தைத்துப் போடலாம். நீங்கள் ஆசிரியர், வீட்டில் புத்தகம் நிறைந்த அலுமாரி கட்டாயம் இருக்கும். அது எதிர்ச் சுவருக்கு வந்தால் மிக நல்லது. ஏற்றமும் இறக்கமுமாக அடுக்கிய புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கும். நிலத்தில், பொக்ஸுக்கும் கதிரைக்கும் நடுவில், தடித்த விரிப்பு ஒன்று.

மெல்லிய பாயையும் திரைச்சீலையையும் மட்டும் நம்பாதீர்கள். அவை உச்சச் சத்தத்தை மட்டும்தான் தின்னும், பேஸை ஒன்றும் செய்யாது. ஹோல் முழுக்கத் திரைச்சீலை தொங்கவிட்டால் நாதஸ்வரத்தின் மினுக்கம் போய்விடும், குமுறல் அப்படியே இருக்கும். சீற் கூரைக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மழை நேரம் பாட்டுக் கேட்க ஏலாது, அவ்வளவுதான்.

'ம்ம்' இரைச்சலுக்கு வருகிறேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை முழுக்கக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் அதே அளவில் இரைந்தால், அம்புக்குள் கரண்டைச் சீர்ப்படுத்தும் பெரிய கப்பாசிற்றர்கள் காய்ந்திருக்கலாம். பழைய அம்புகளில் அது வயதுக்கு வருகிற வருத்தம், மாற்றிவிடலாம். திருகியோடு சேர்ந்து இரைச்சலும் கூடிக் குறைந்தால், அது வெளியே இருந்து வருகிறது. பின்பக்கத்தில் ரீவி, சீடி என்று பூட்டிய வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ரீவியைக் கழற்றியதும் நின்றுவிட்டால், அனேகமாக டிஷ் கேபிள்தான் குற்றவாளி. டிஷ் ஒரு பக்கம் நிலத்தோடு தொடர்பு, பிளக் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இடையில் கரண்ட் சுற்றி அம்புக்குள் நுழைகிறது. பாட்டுக் கேட்கும்போது ரீவியின் வயரைக் கழற்றி வைத்தால் காணும்.

இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் வயரை வெட்டும் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மட்டும் விடாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆவணி வெயிலில் எங்கள் மண் இறுகிக் காயும்போது வீட்டின் எர்த் கம்பி வேலை செய்வது குறையும். கம்பி இறக்கிய இடத்தில் இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

அம்புக்கு மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. போட்டு வைத்திருக்கும் நேரம் அதை எடுத்துவிடுங்கள், மேலே நாலு அங்குலமாவது வெறுமையாக இருக்கட்டும். கப்பாசிற்றரின் சூடு 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நிறுத்தி, ஆறிய பிறகு மூடுங்கள். செம்மண் புழுதிக்கும் பல்லிக்கும் அந்த மூடல் தேவைதான். காற்றுத் துவாரத்தால் உள்ளே போன பல்லி ஒன்று குறுக்கே கிடந்து ஒரு போர்டையே எரித்ததை நான் மேசையில் கண்டிருக்கிறேன். திருகியைத் திருப்பும்போது கரகரத்தால் கொன்ராக்ற் கிளீனர் அடிக்க வேண்டும். மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட வேண்டாம்.

பெரிய அம்ப் பற்றி அந்தப் பெடியன் சொன்னது. வாற்றை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், ஊன்றிக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கப் பத்து மடங்கு வாற் வேண்டும். ஆகவே 60 வாற்றை 100 வாற்றாக மாற்றி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனில் பிழை சொல்ல ஏலாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. குழாயில் பேஸும் வராது, உச்சமும் வராது. நடுச் சத்தம் மட்டும் குத்திக்கொண்டு தூரம் போகும், அதற்காகச் செய்ததே அது. அந்தக் குத்தல் இல்லாத செற்றைக் கேட்டதும் 'சத்தம் காணாது' என்று தோன்றும். ஒரு கிழமை பழகவிடுங்கள்.

பழகும்போது எதைக் கேட்பது? உங்களுக்கு என் போன்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு அளவுகோல் இருக்கிறது. கோயில் வீதியில் மேளச் சமாவுக்குப் பக்கத்தில், மைக் இல்லாமல், எத்தனையோ முறை நின்று கேட்டிருப்பீர்கள். அந்த நினைவை வைத்துக்கொண்டு சீடியைப் போடுங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல்களின் வெட்டு தனியாகவும், இடப்பக்கத் தொப்பியில் கழி விழும் கனம் தனியாகவும் பிரிந்து கேட்கிறதா? இரண்டு தவில் என்றால் இடது ஆள், வலது ஆள் என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறதா? நாதஸ்வரக்காரர் மூச்செடுக்கும் இடைவெளியில் மண்டபத்தின் காற்று கேட்கிறதா? அது கேட்டால் செற் சரியாக அமைந்துவிட்டது. அம்பில் பேஸ், ரிறெபிள் திருகிகளை நடுவில் விட்டுத்தான் இந்தச் சோதனை செய்ய வேண்டும், லவுட்னஸ் பொத்தானும் போடக்கூடாது. போனில் இருந்து புளூரூத்தால் அனுப்பிக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். சீடியில் ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிற் தகவல் இருக்கிறது, பழைய எம்பி3 பாட்டுகள் பலவற்றில் 128 மட்டும்தான். ஆனால் சீடி என்பதாலேயே எல்லாம் நல்லதும் அல்ல. பழைய கச்சேரிகள் பல தேய்ந்த கசற்றில் இருந்து எடுத்துப் போட்டவை. நல்ல செற் அந்தத் தேய்வையும் மறைக்காமல் காட்டும், அதற்குச் செற்றைக் கோபிக்க வேண்டாம்.

கேட்பதற்கு இரவு பத்தரைக்குப் பிறகு நல்ல நேரம். கரண்ட் நிலைத்து நிற்கும், ஊர் அடங்கிவிடும். இந்த அமைதிக்காகக் கொழும்பில் இருக்கும் ஆட்கள் அறைக்கு இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள். உங்களுக்கு ஃபேனை நிறுத்தினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும், இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது காணாது.

கடைசியாக றெக்கோட் பிளேயர். மகளை அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பிளேயர்களில் ஒரு வகை, மோட்டாரின் வேகத்தைக் கரண்டின் ஹேர்ட்ஸில் இருந்து எடுக்கும். 60-க்குச் செய்த அந்த மோட்டார் இங்கே 50-ல் ஓடினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 தான் சுற்றும். சுருதி மூன்று சுரத்தானம் இறங்கிவிடும், 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவார். எந்த ஸ்ரெப்-டவுன் பெட்டியாலும் இதைத் திருத்த ஏலாது. டீசி மோட்டார் உள்ளது, அல்லது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போலக் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு நேரே சுற்றுவது என்றால் அந்தப் பயமில்லை. எந்த வகை என்று விற்பவரிடம் கேட்டு, அடித்தகட்டில் வோல்ற்றும் ஹேர்ட்ஸும் போட்டிருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். உங்கள் அம்பின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா. அதில் 'ஃபோனோ' என்று ஒரு நுழைவாயும், பக்கத்தில் எர்த் வயர் பூட்டும் சின்னத் திருகாணியும் இல்லாவிட்டால், பிளேயரில் இருந்து வரும் மெல்லிய சத்தத்தை அம்புக்கு ஏற்றபடி பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோப் பெட்டி ஒன்றும் தனியாக வாங்க வேண்டி வரும்.